செப்பேட்டில் பெயர், தகட்டில் முகம்

தமிழகத்தில் கிடைத்துள்ள எழுத்துடைய நடுகற்களில் மிகப் பழையவை எனக் கருதப்படுபவை தேனி மாவட்டத்தின் புலிமான்கொம்பையைச் சேர்ந்தவை. வைகைக் கரையிலுள்ள அவ்வூரில் 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றைக் கண்டெடுத்தனர். கற்களில் உருவம் ஏதும் இல்லை. தமிழ் பிராமியில் சில சொற்கள் மட்டுமே உள்ளன. கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில் வீழ்ந்த அந்தவன் என்பவனுக்கு எடுக்கப்பட்ட கல் என்று அவற்றுள் ஒன்று தெரிவிக்கிறது. அவன் நெட்டையனா குட்டையனா, தாடி வைத்திருந்தானா என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. ஆயினும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அவன் பெயர் அழியாமல் இருக்கிறது.

இதே வட்டாரத்தில் போடிநாயக்கனூருக்கு அருகில் உள்ளது சின்னமனூர். பாண்டியர் வரலாற்றை எழுதுவோர் எவரும் சின்னமனூர்ச் செப்பேடுகளைத் தொடாமல் கடக்க இயலாது. சிறிய செப்பேடு, பெரிய செப்பேடு என வழங்கும் அவ்விரண்டில் பெரியது பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்ம பாண்டியனுடையது. பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் முன்னோரின் பெருமைகளாகச் சொல்லும் ஆவணம் அது. மன்னர்களின் வரிசை, கொடை பெற்றவரின் பெயர், நிலத்தின் எல்லை என அனைத்தும் செம்பில் வெட்டப்பட்டுள்ளன. அங்கும் முகம் இல்லை.

உலோகத் தகடு என்றதும் தமிழ் வரலாற்று மாணவனின் நினைவுக்கு முதலில் வருவது பெயர்தான். அண்மைக் காலமாகப் பழைய உருவப்படங்களை அலுமினியத் தகட்டில் அச்சிட்டுச் சுவரில் மாட்டும் வழக்கம் பரவிவருகிறது. வீட்டு வரவேற்பறை, பள்ளி, விடுதி, தோட்ட அலுவலகம் என எங்கும் அதற்கு இடம் கிடைக்கிறது. இந்தப் புதிய வழக்கத்தைச் செப்பேட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன தெரியும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அதற்கான களமாக நாம் எடுத்துக்கொள்வது போடியையும் அதன் மேற்கே எழும் ஏலமலைச் சரிவுகளையும்.

*

புகைப்படம் பிறந்ததே உலோகத்தில்தான் என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிட்டோம். 1839 சனவரி 7ஆம் நாள் பாரிசின் அறிவியல் கழகத்தில் அரகோ அறிவித்த டகேரின் கண்டுபிடிப்பு, வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டில் படம் பதிக்கும் முறை. மெருகேற்றிய தகட்டில் அயோடின் ஆவியைப் பிடித்து ஒளியுணர்வு ஊட்டுவார்கள். பிறகு அதைக் கேமராவில் வைத்து ஒளி காட்டிப் பாதரச ஆவியில் உருவத்தைத் துலங்க வைப்பார்கள். பிரதி எடுக்க முடியாத ஒற்றைப் படம் அது. பாதரசம் படிந்த இடங்கள் வெண்மையாகவும், படியாத வெற்று வெள்ளி கருமையாகவும் தெரியும். தகட்டைச் சற்றுச் சாய்த்தால் படம் மறைந்து பார்ப்பவரின் முகமே கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரியும்.

அடுத்த ஆண்டே, 1840இல், கல்கத்தாவில் இக்கருவிகள் விற்பனைக்கு விளம்பரம் செய்யப்பட்டன. ஆனால் இந்தியாவில் எடுக்கப்பட்ட டகேரியோடைப் படங்களில் எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. 1850களில் மலிவான வேறொரு உலோகப் படம் வந்தது. கருப்பு அரக்குப் பூசிய மெல்லிய இரும்புத் தகட்டில் நேரடியாக எடுக்கப்படும் அதற்கு டின்டைப் என்று பெயர். பெயரில்தான் தகரம், பொருளோ இரும்பு. பிரான்சில் மார்ட்டின் 1853இல் அம்முறையை விவரித்தார். 1860ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலில் லிங்கனின் முகம் பதித்த சிறு டின்டைப் வில்லைகளை ஆதரவாளர்கள் சட்டையில் குத்திக்கொண்டனர். 1854இல் பாரிசில் புலோ, கத்தேன் என்ற இருவர் எனாமலிலும் பீங்கானிலும் புகைப்படத்தைச் சுட்டுப் பதிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். ஐரோப்பியக் கல்லறைகளில் இன்றும் நாம் காணும் முட்டை வடிவ முகங்கள் அந்த வழியில் வந்தவை.

இவற்றையெல்லாம் காகிதம் வென்றது. ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வசதிக்கு முன்னால் ஒற்றைத் தகடு நிற்க முடியவில்லை. சென்னையில் 1856இல் புகைப்படச் சங்கம் தொடங்கியபோதே இந்தப் போக்கு உறுதிப்பட்டிருந்தது. சென்னை அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் ட்ரைப் 1858இல் மதுரைக்கு வந்து கோயிலையும் திருமலை நாயக்கர் அரண்மனையையும் தெப்பக்குளத்தையும் காகித நெகட்டிவ்களில் பதிவு செய்தார். அவர் தேடியது கட்டடங்களை. மனிதர்களைத் தேடிய கேமராக்கள் அதன் பிறகு வந்தன.

*

மனிதர்களைத் தேடி வந்த கேமரா அவர்களின் பெயரைக் கேட்கவில்லை என்பதுதான் இவ்வரலாற்றின் மையமான செய்தி.

1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்ற பெருந்தொகுப்பை நினைத்துக்கொள்ளலாம். ஜே. ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் தொகுத்தது. நூற்றுக்கணக்கான உருவப்படங்கள். அவற்றில் மிகப் பலவற்றின் கீழே இருப்பது சாதியின் பெயர் அல்லது இனத்தின் பெயர். 1909இல் எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ ஏழு தொகுதிகளிலும் முதன்மையானது வகைப்பாடுதான். நம் மலைகளின் முதுவர், மன்னான், பளியர் ஆகியோர் அதில் இடம்பெறுகின்றனர். மதுரையிலிருந்து தெய்வத் திருமேனியை முதுகில் சுமந்து மலையேறியவர்கள் தாங்கள் என்பது முதுவர் சொல்லும் தொல்கதை. பெயர்க் காரணத்தையே அதில்தான் காண்கிறார்கள். தம் பயணத்தை இவ்வளவு கவனமாக நினைவில் வைத்திருக்கும் மக்களை அந்தக் காலத்து நூல்கள் ஒரு குலத்தின் மாதிரியாக மட்டுமே நிறுத்தின. கேமராவுக்கு எதிரே நின்றவருக்குத் தாய் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அது குறிக்கப்படவில்லை.

தோட்டங்களின் வரலாற்றிலும் இதே நிலைதான். 1877 சூலை 11ஆம் நாள் பூஞ்சாறு அரசரிடமிருந்து ஜே. டி. மன்றோ கண்ணன் தேவன் மலைகளுக்கான உரிமையைப் பெற்றார். அதன் பிறகு அம்மலைகளுக்குள் அரிசியும் ஆட்களும் சென்ற முக்கியமான வழிகளுள் ஒன்று போடி. சமவெளியின் கங்காணிகள் ஆள் திரட்டி மலையேற்றினார்கள். மூணாறு தேயிலை குண்டளை வழியாக டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவட ஊர்தியில் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்கு வந்து சேரும். 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கி 1908இல் சிறுரயிலாக மாறிய குண்டளை இருப்புப்பாதையை 1924 சூலை வெள்ளம் அடித்துச் சென்றது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928இல்.

இந்த வரலாற்றின் பழைய படங்களை மூணாறு நல்லதண்ணியிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். இவ்வகைத் தோட்டப் படங்களை எங்கே பார்த்தாலும் ஓர் ஒழுங்கு புலப்படும். நாற்காலியில் இருப்பவருக்குப் பெயர் உண்டு, நின்றுகொண்டிருப்பவர்களுக்கு எண்ணிக்கை மட்டுமே உண்டு. 1910–11இல் எழுந்த மூணாறு கிறிஸ்து ஆலயத்தின் சுவரில் தோட்டத் துரைமார்களின் பெயர்கள் பித்தளைத் தகடுகளில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றில் பெயர் உண்டு, முகம் இல்லை. தேயிலைக் கூடையோடு படத்தில் நிற்கும் பெண்ணுக்கு முகம் உண்டு, பெயர் இல்லை. மலையில் உழைத்து மடிந்த பெரும்பாலோருக்கு இரண்டும் இல்லை.

*

ஏலத்தோட்டங்களின் கதை தேயிலையிலிருந்து சற்று வேறுபட்டது. ஏலக்காய் பெருங்கம்பெனிகளின் பயிராக மட்டும் இருக்கவில்லை. சமவெளிக் குடும்பங்கள் பல மலையில் நிலம் பிடித்து, மர நிழலில் ஏலம் நட்டு, ஸ்டோரில் உலர்த்தி, போடிக்குக் கொண்டுவந்து விற்றன. ஏலத்தை ஏலம் விடும் ஊர் என்ற சிலேடை போடிக்குப் பொருந்தும். இன்றும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கே நடக்கிறது. 1956 நவம்பர் 1இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. வீடு ஒரு மாநிலத்திலும் தோட்டம் மறு மாநிலத்திலும் அமைந்த குடும்பங்கள் அதனால் உருவாயின. பட்டா ஒரு மொழியில், படுத்துறங்கும் வீடு வேறொரு மொழியில். அவ்வாறான குடும்பத்தில் இரு பக்கத்தையும் இணைக்கும் ஆவணம் பல நேரங்களில் சுவரில் தொங்கும் தாத்தாவின் படமாகவே இருக்கிறது.

அந்தப் படத்தின் ஆயுள் அதிகமில்லை. ஏலம் விளைய ஏறத்தாழ 600 முதல் 1200 மீட்டர் உயரமும், நிழலும், நல்ல மழையும் வேண்டும். செடிக்கு உகந்த அந்த ஈரம் புகைப்படத்துக்குப் பகை. காகிதப் படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின் என்னும் விலங்குப் பசையால் ஆனது. ஈரத்தில் அது ஊதும், பூஞ்சைக்கு உணவாகும், சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய படத்தைப் பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். படத்திலுள்ள நுண்வெள்ளி காற்றோடு வினைபுரிந்து கருமையான பகுதிகளில் நீலம் கலந்த ஒரு மினுமினுப்பாக மேலே படரும். விளக்குப் புகையும் ஊதுவத்திப் புகையும் எஞ்சியதைப் பார்த்துக்கொள்ளும். நம் வீடுகளில் இறந்தவர் படத்துக்கு நாம் செய்யும் மரியாதையே அப்படத்தை மெல்ல அழிக்கிறது.

எனவே தகட்டில் அச்சிடும் இன்றைய முறைக்கு மலைச் சரிவுகளில் வரவேற்பு இருந்தால் அதில் நியாயம் உண்டு. முறை எளிதானது. சிறப்புச் சாயத்தால் ஒரு தாளில் படத்தை அச்சிட்டு, மேற்பூச்சுள்ள அலுமினியத் தகட்டின் மேல் வைத்து, சுமார் 200 பாகை செல்சியசு வெப்பத்தில் அழுத்துகிறார்கள். சாயம் ஆவியாகிப் பூச்சுக்குள் புகுந்து தங்கிவிடுகிறது. கண்ணாடி வேண்டாம், ஈரத்தை உறிஞ்சாது, பூஞ்சைக்கு உணவு கிடையாது, ஈரத்துணியால் துடைக்கலாம். பின்புறம் சிறு கட்டை வைத்துச் சுவரிலிருந்து சற்றே விலக்கி மாட்டினால் காற்று புழங்கும்.

ஆனால் தகடு என்பதால் அது செப்பேடு ஆகிவிடாது. செப்பேட்டில் எழுத்து உலோகத்திலேயே வெட்டப்பட்டிருக்கிறது. இங்கே படம் இருப்பது உலோகத்தின் மேலுள்ள பூச்சில். நேர்வெயிலில் சாயம் வெளிறும், கூரிய பொருள் பட்டால் பூச்சு கீறும். பூச்சிலும் இரு வகை உண்டு. வெள்ளை அடித்தளம் உள்ள தகட்டில் பழைய படம் காகிதத்தில் இருந்ததைப் போலவே அடங்கித் தெரியும். அடித்தளம் இல்லாத தகட்டில் வெண்மையான இடங்களிலெல்லாம் உலோகமே பளிச்சிடும். தாத்தாவின் வேட்டியும் நரைத்த மீசையும் எவர்சில்வர் பாத்திரம்போல மின்னும். டகேரின் தகட்டில் நிழல் உலோகமாக இருந்தது, இதில் வெளிச்சம் உலோகமாகிறது. வரலாற்றுப் படத்துக்கு முதல் வகையே, அதிலும் மங்கிய மெருகுள்ளதே ஏற்றது என்பது எங்கள் எண்ணம்.

அளவிலும் கவனம் தேவை. 4 அங்குலத்துக்கு 6 அங்குலமான படத்தை அங்குலத்துக்கு 1200 புள்ளிகள் வீதம் ஸ்கேன் செய்தால் 16க்கு 24 அங்குலத் தகடு வரை நுணுக்கம் கெடாமல் அச்சிடலாம். அதற்கு மேல் பெரிதாக்கும்போது கணினி தானாக எதையாவது நிரப்பத் தொடங்கும். இன்றைய செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் அழிந்துபோன கண்ணையும் வாயையும் தாமே வரைந்து தருகின்றன. வந்து சேர்வது அழகான முகம்தான், ஆனால் அது யாருடைய முகமும் அல்ல. வண்ணமேற்றுதலும் அவ்வாறே. கருப்பு வெள்ளைப் படத்திலிருந்து புடவையின் நிறத்தை எந்த இயந்திரமும் அறிய முடியாது, ஊகிக்கத்தான் முடியும். ஊகத்தை உலோகத்தில் ஏற்றிவிட்டால் அடுத்த தலைமுறை அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளும்.

*

ஒரு முகம் எப்படிப் பரவுகிறது, பரவும்போது அதற்கு என்ன நேர்கிறது என்பதற்குத் தேனி மாவட்டத்திலேயே ஒப்பற்ற உதாரணம் இருக்கிறது. ஜான் பென்னிகுயிக்கின் முகம். 1841 சனவரி 15இல் புனேயில் பிறந்து 1911 மார்ச் 9இல் இங்கிலாந்தில் மறைந்த அந்தப் பொறியாளரின் மீசை வைத்த உருவப்படம் கம்பம் பள்ளத்தாக்கின் வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் தெய்வப் படங்களின் வரிசையில் மாட்டப்பட்டிருக்கிறது. 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணைக்கு நன்றிக்கடன் அது. ஆண்டுதோறும் பொங்கலையொட்டி வரும் அவர் பிறந்தநாளில் படத்துக்கு மாலையிட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். 2013 சனவரி 15இல் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அங்கே முகம் வெண்கலச் சிலையாக உலோகத்துக்கே வந்து சேர்ந்தது. 2022இல் அவர் வாழ்ந்த கேம்பர்லியிலும் தமிழக அரசின் முயற்சியில் சிலை நிறுவப்பட்டது.

நன்றி மறவாத மக்கள் என்ற பெருமை நமக்கு உண்டு, அதைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. எனினும் படத்தோடு ஒரு கதையும் ஊர் ஊராகச் செல்கிறது. வெள்ளத்தில் அணை உடைந்தபோது தம் சொத்தையெல்லாம் விற்று அவர் அணையைக் கட்டி முடித்தார் என்பது அக்கதை. பெரியாறு அணை சென்னை அரசின் பொதுப்பணித் திட்டம். அதில் பணியாற்றிய ஏ. டி. மெக்கன்சி 1899இல் அதன் வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். பென்னிகுயிக்கின் பெருமைக்கு அந்தக் கதை தேவையே இல்லை. காட்டு நதியின் நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய திறமை ஒன்றே போதும். படத்தின் கீழே நான்கு வரி வரலாறு இல்லாத இடத்தில் கதை வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதையே இங்கே கவனிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அணை வேலையில் காலராவிலும் காய்ச்சலிலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு படமும் இல்லை. நாம் வணங்கும் முகத்தின் பின்னால் முகமே பதிவாகாத ஒரு கூட்டம் நிற்கிறது. அவர்களை இனித் தகட்டில் ஏற்ற இயலாது. ஆனால் பதிவான முகங்களையாவது பெயரில்லாமல் விட்டுவிடக் கூடாது.

*

போடியிலும் மலைச் சரிவுகளிலும் பழைய படங்களைத் தகட்டில் ஏற்ற நினைப்போருக்கு நாம் சொல்ல விரும்புவது சுருக்கமானது. முதல் வேலை அச்சகத்துக்குப் போவதன்று. படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டிலிருக்கும் மூத்தவரிடம் போவது. இது யார், எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, பக்கத்தில் நிற்பவர் யார், ஓரத்தில் பாதி தெரியும் பையன் யார் என்று கேட்க வேண்டும். பெண்களின் படமானால் இன்னாரின் மனைவி என்பதோடு நிறுத்தாமல் அவர் பெயரைக் கேட்டு எழுத வேண்டும். நம் குடும்ப ஆல்பங்களில் மிக விரைவாகத் தொலைவது பாட்டிகளின் பெயர்கள்தான். தோட்டத்துக் குழுப்படமானால் முதலாளியின் பெயரோடு கணக்குப்பிள்ளை, கங்காணி, ஸ்டோரில் ஏலம் உலர்த்தியவர், காடு வெட்டியவர் என எல்லோரையும் விசாரிக்க வேண்டும். மலையில் இன்னும் சிலருக்கு அவர்களை அடையாளம் தெரியும், பத்தாண்டு கழித்துத் தெரியாது.

அட்டையின் பின்புறத்தையும் படம் பிடித்து வைக்க வேண்டும். ஸ்டூடியோவின் முத்திரையும் பென்சில் குறிப்பும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதன் பிறகே ஸ்கேன், அதன் பிறகே தகடு. பெயரையும் ஊரையும் ஆண்டையும் படத்தின் அடியிலேயே சேர்த்து அச்சிட வேண்டும். தனித் தாளில் எழுதி ஒட்டினால் ஒரு வெள்ளையடிப்பில் அது போய்விடும். தெரியாத பெயருக்கு இடம் விட்டு, பெயர் தெரியவில்லை என்றே அச்சிடுவதும் நேர்மையான வரலாறுதான். பிரதி சுவரில் தொங்கட்டும். மூலப்படத்தை அமிலமற்ற உறையிலிட்டு, இருளும் உலர்வும் உள்ள இடத்தில், இயலுமானால் மலையை விட்டு இறக்கிப் போடியிலேயே பாதுகாக்க வேண்டும். தகடு வந்துவிட்டது என்று மூலத்தைப் பழைய தாள்காரனிடம் போடுவதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை. தகடு ஒரு நகல். கணினி முன்னேறும்போது மூலத்திலிருந்து இதைவிட நல்ல நகல் எடுக்கலாம், நகலிலிருந்து மூலத்தை எடுக்க முடியாது.

புலிமான்கொம்பையின் கல்லில் உருவம் செதுக்க யாரும் முனையவில்லை. அந்தவன் என்ற பெயரை வெட்டினார்கள், எங்கே எதற்காக இறந்தான் என்பதை வெட்டினார்கள், அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். நம்மிடம் அவர்களுக்குக் கிடைக்காத வசதி இருக்கிறது. முகத்தையும் பெயரையும் ஒரே தகட்டில் சேர்த்து வைக்கலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு வரி எழுத்து. அந்த ஒரு வரியைச் சொல்லக்கூடியவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்களாகப் போடியின் தெருக்களிலும் மலையின் லயங்களிலும் இருக்கிறார்கள். தகட்டுக்கு அவசரமில்லை, அவர்களிடம் போய்க் கேட்பதற்குத்தான் அவசரம்.